பிறப்புறுப்பில் ஹெர்பீஸ்: ஏசைக்ளோவிர் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

மதுரைக்காரி: யாரும் வாய் திறக்காத விஷயம், நானே ஆரம்பிக்கிறேன். காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டியது, அப்புறம் கீழே எரிச்சல். மாமியார் உடம்புச் சூடு என்று இளநீர் வாங்கித் தந்தார், மெடிக்கலில் வெள்ளைப்படுதலுக்கு என்று ஃப்ளூகோனசோலைக் கொடுத்தார்கள். அது பூஞ்சைக்கான மாத்திரை, ஹெர்பீஸ் வைரஸால் வருவது, அதனிடம் பலிக்காது. சிறுநீர் பட்டாலே உயிர் போகும். லேடி டாக்டர் பார்த்ததும், கொத்தாக இருந்த சின்னச் சின்னக் கொப்புளங்களை வைத்தே ஹெர்பீஸ் என்று சொல்லிவிட்டார், ஆனாலும் புண் காய்வதற்குள் பஞ்சால் தொட்டெடுத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினார். வைரஸுக்கான மாத்திரை ஏசைக்ளோவிர் 400 மி.கி., மூன்று வேளை, 10 நாள் எழுதிக் கொடுத்தார். தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே சிறுநீர் போகச் சொன்னார் பாருங்கள், மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை அதுதான் என்னைக் காப்பாற்றியது. களிம்பு கேட்டேன், இதற்குப் பெரிதாகப் பயன் இல்லை என்றுவிட்டார்.

கோவை வாசி: எனக்கு மாதவிடாய் நெருங்கினாலே திரும்ப வரும். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்பு முடிச்சில் வைரஸ் போய்ப் படுத்துக்கொள்கிறதாம், மாத்திரை அதைப் பெருகவிடாமல் தடுக்குமே தவிர அங்கிருந்து விரட்டாது. தொடையில் சுருக் சுருக்கென்று குத்த ஆரம்பித்த அன்றே அதே வகை மாத்திரையான வாலாசைக்ளோவிர் 500 மி.கி., இரண்டு வேளை, 3 நாள் போட்டால் சில சமயம் கொப்புளமே வராது. அடிக்கடி வந்ததால் இப்போது தினமும் ஒன்று. என் கணவருக்குத் தொற்றும் வாய்ப்பும் இதில் பாதியாகக் குறையும் என்றார்கள், ஆணுறையும் வேண்டும். யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் பெரிய ரகளை. வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் இருந்துவிட்டும் வெளியே வருமாம், உதட்டுக் கொப்புளம் உள்ளவரின் வாய் பட்டும் வருமாம். இதை டாக்டர் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துச் சொன்ன பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

குட்டிம்மா: நான் கர்ப்பமாக இருந்தபோது 36வது வாரத்திலிருந்து ஏசைக்ளோவிர் கொடுத்தார்கள். பிரசவ வலி வரும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன், இல்லாவிட்டால் சுகப்பிரசவம்தான் என்று முதலிலேயே பேசிவிட்டார்கள், எனக்குச் சுகப்பிரசவம். காசு கவலை உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தைக் கேளுங்கள், மாத்திரை இலவசம். பால் கொடுக்கும்போதும் இதைச் சாப்பிடலாம், மார்பில் புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது.