உப்பு நீரில் மட்டும் சிகரத்துக்கு முன் குழி: காந்தக் கலவை அறையில் கோளாறா?

காயல்நீர்:
வணக்கம். மொரீஷியஸின் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் லகூன் (பவளத்திட்டுக்கு உள்ளே அடங்கிய கடல்) நீரில் பாஸ்பேட்டை, ஓடும் நீருக்குள் மாதிரியைச் செலுத்தி அளக்கும் ஃப்ளோ இன்ஜெக்‌ஷனில் அளக்கிறோம். மர்ஃபி–ரைலி நீல முறை (பாஸ்பேட் மாலிப்டேட்டோடு சேர்ந்து தரும் நீலத்தை அளப்பது), 880 நானோமீட்டர், 10 மி.மீ. ஒளிக்கலம், எல்லாம் 0.8 மி.மீ. உள்விட்டமுள்ள டெஃப்லான் குழாய். மாதிரியைச் சுமந்து செல்லும் தாங்கு ஓட்டமாகத் தூய நீர் நிமிடத்துக்கு 1.0 மி.லி. போகிறது. ஆண்டிமனி சேர்த்த அமில மாலிப்டேட் 0.5, அஸ்கார்பிக் அமிலம் 0.5. மாதிரி 200 மைக்ரோலிட்டர், 90 வினாடிக்கு ஒன்று.

முன்பு மாலிப்டேட் சேரும் இடத்துக்குப் பின் 1 மீட்டர் சுருள் இருந்தது. அதை எடுத்துவிட்டு, அக்ரிலிக்கில் கடைந்த கலவை அறையை வைத்தோம். விட்டம் 10 மி.மீ., உயரம் 12 மி.மீ., உள்ளே 7×2 மி.மீ. காந்தத் துண்டு. அஸ்கார்பிக் அதற்குப் பின் ஒரு டி இணைப்பில் சேர்கிறது. அங்கிருந்து 30 செ.மீ. குழாய், பிறகு ஒளிக்கலம்.

தூய நீரில் கரைத்த, பாஸ்பேட் அளவு தெரிந்த தரக்கரைசல்கள் ஒழுங்காக வருகின்றன. லகூன் மாதிரிக்கு வரைகோட்டில் முதலில் ஒரு குழி, அப்புறம்தான் சிகரம். எதிலும் வால் நீளம். அடர்ந்த கரைசலுக்குப் பின் வரும் மாதிரி கூடுதலாகக் காட்டுகிறது. இடையிடையே ஊசி போன்ற முட்கள். அரை நாளில், மாதிரி இல்லாதபோது வரும் அடிக்கோடும் ஏறிவிடுகிறது. கலக்கி வேகத்தைக் கூட்டியும் பலனில்லை.

சுருள்குழாய்:
அந்தக் குழி உப்பினால் வருவது. கடல்நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.339, தூய நீருக்கு 1.333. இரண்டும் முழுக்கக் கலக்காமல் ஒளிக்கலத்துக்குள் போனால் அந்த எல்லையே லென்ஸ் போல ஒளியை வளைக்கும். குழியும் மேடும் அதனால்தான்.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. இரண்டு வினைப்பொருள் குழாய்களையும் தூய நீரில் போட்டுவிட்டு, லிட்டருக்கு 35 கிராம் சோடியம் குளோரைடு கரைத்த நீரைச் செலுத்துங்கள். நிறமே உண்டாகாத இடத்தில் குழி விழுந்தால் வேதியியலைக் குறை சொல்ல வேண்டாம், கலப்புதான் போதவில்லை.

காயல்நீர்:
செய்தேன் ஐயா. அதே குழி, அதே இடத்தில். தாங்கு ஓட்டத்தையே உப்பு நீராக மாற்றிவிட்டால் போதாதா?

அளவைக்கூடம்:
அந்தக் கரையில் போதாது தம்பி. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் நிலத்தடி நன்னீர் அடியிலிருந்து லகூனுக்குள் ஊறி வருகிறது. கரையோர ஊற்றருகே எடுத்த மாதிரியும் பவளத்திட்டருகே எடுத்த மாதிரியும் ஒரே உப்பளவில் இருக்காது. எந்த உப்பளவுக்குத் தாங்கு ஓட்டத்தைப் பொருத்தினாலும் மற்றதற்குப் பொருந்தாது. கலவை அறையைத்தான் சரி செய்ய வேண்டும்.

முதல் தவறு இடம். அஸ்கார்பிக் ஓட்டம் அறைக்குப் பின்னால் சேர்வதால் நீங்கள் கலக்கியதெல்லாம் அங்கே மறுபடி இரண்டு அடுக்காகிறது. 0.8 மி.மீ. குழாயில் 2 மி.லி. ஓட்டத்துக்கு ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சுழலுமா என்று காட்டும் அளவு) 50ஐ ஒட்டித்தான் வரும்; சுழல் என்பதே கிடையாது. 30 செ.மீ. குழாயைக் கடக்க 4, 5 வினாடி. அதற்குள் பரவலால் மட்டும் கலக்க வழியில்லை. கடைசி இணைப்புக்கும் பின்னால் அறை வரட்டும்.

இரண்டாவது, அறையின் பருமன். துண்டு அடைக்கும் இடம் போக 0.92 மி.லி. அறை வழியே இப்போது போவது 1.5 மி.லி., ஆகவே காலமாறிலி (உள்ளிருப்பது சுமார் 37 சதவீதமாகக் குறையும் நேரம்) 37 வினாடி. 90 வினாடி கழித்தும் சுமார் 9 சதவீதம் உள்ளேயே நிற்கும். 1 சதவீதத்துக்கு இறங்க 170 வினாடி. உங்கள் வாலும் அடுத்த மாதிரியின் கூடுதலும் இதுவேதான். கலக்கியை எவ்வளவு விரட்டினாலும் இது குறையாது, ஏனென்றால் நன்றாகக் கலக்கும் அறை இப்படித்தான் காலியாகும்.

விட்டம் 7, உயரம் 5 மி.மீ. என்று புதிதாகக் கடையுங்கள். 5×2 மி.மீ. துண்டு போட்டால் 0.18 மி.லி. மிஞ்சும். 2.0 மி.லி. ஓட்டத்தில் காலமாறிலி 5.4 வினாடி, 25 வினாடியில் 1 சதவீதம். சிகரமும் கிட்டத்தட்ட 3 மடங்கு உயரும், இப்போது பெரிய அறைக்குள் மாதிரி வீணாக நீர்த்துப்போகிறது. அடித்தகடு 1 மி.மீ.க்கு மேல் தடிக்க வேண்டாம்; இடைவெளி கூடக் கூடக் காந்தப் பிடி மிக விரைவாகத் தளரும்.

வேகம் நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்று போதும். மெதுவாகத் தொடங்கி ஏற்றுங்கள். சட்டென்று கூட்டினால் துண்டு பிடி விட்டுச் சுழலாமல் நின்ற இடத்தில் துடிக்கும். வெளியே பார்த்தால் ஓடுவது போலவே இருக்கும். கைப்பேசியில் ஸ்லோ மோஷன் படம் எடுத்தால் தெரிந்துவிடும். உங்களுக்கு வேகம் கூட்டியும் பலனில்லாததற்கு இதுவும் காரணமாகலாம்.

சுருள்குழாய்:
முட்கள் காற்றுக் குமிழி. உள்வழி அடியிலும் வெளிவழி மேல் விளிம்பிலும் இருக்கிறதா பாருங்கள். கலக்கியின் மோட்டார் சூடு அடித்தகடு வழியே ஏறினாலே கரைந்த காற்று வெளியேறும். மோட்டாருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். கரைசல்களை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை நீக்கிவிட்டு, கழிவு முனையில் 0.5 மி.மீ. குழாய் அரை மீட்டர் மாட்டினால் பின்னழுத்தம் கிடைக்கும். முட்கள் இல்லாமல் சீரான அலை தெரிந்தால் பம்ப் வேகத்தை மாற்றுங்கள், பிறகு கலக்கி வேகத்தை. எதோடு அலை மாறுகிறதோ அங்கேதான் கோளாறு.

அடிக்கோடு ஏறுவது ஒளிக்கலச் சுவரில் நீலம் படிவதால். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 5 நிமிடம், பின் தூய நீர் 10 நிமிடம். ஆனால் அதற்கு முன்பே தூய நீரால் கழுவிவிட வேண்டும். கடல்நீர் மிச்சமிருக்கும்போது காரம் போனால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வெண்மையாகப் படிந்து குழாயை அடைக்கும்.

காயல்நீர்:
புதிய அறை மாட்டியாயிற்று. வால் போய்விட்டது, முட்களும் இல்லை. குழி மிகச் சிறிதாகிவிட்டது, ஆனால் உப்பு நீரை மட்டும் செலுத்தினால் இன்னும் லேசான அசைவு. இதற்கு மேல் நிறம் வளர, அறைக்குப் பின் 40 டிகிரியில் 2 மீட்டர் சுருள் வைக்கலாமா?

அளவைக்கூடம்:
வைக்கலாம், 1 மி.லி., அதாவது 30 வினாடி தங்கும். சாதாரணமாகச் சுற்றாமல், குழாயை முடிச்சு முடிச்சாகப் போட்டுச் சுற்றுங்கள், திசை மாறி மாறிப் போவதால் குறுக்கே கலந்துகொண்டே வரும். 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். உங்கள் நிலத்தடி நீர் எரிமலைப் பாறை வழியே வருவதால் சிலிக்கேட் கூடுதல், சூடு ஏறினால் அதுவும் நீலம் காட்டும். அதே காரணத்தால் மாலிப்டேட் கரைசலின் அமிலத்தையும் குறைக்காதீர்கள். மேலும், அமிலம் குறைந்தால் பாஸ்பேட்டே இல்லாமலும் மாலிப்டேட் தானாக நீலமாகும்.

மிஞ்சிய அசைவைக் கலக்கியால் போக்க முடியாது, கணக்கில் கழிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாம் முறை செலுத்துங்கள், அப்போது மாலிப்டேட் குழாயில் மாலிப்டேட் இல்லாத, அதே செறிவுள்ள அமிலம் மட்டும் போகட்டும். அந்த உயரத்தை முதல் சிகரத்திலிருந்து கழியுங்கள். எல்லா மாதிரிக்கும் ஒரே எண்ணைக் கழித்துவிடாதீர்கள், ஊற்றருகே எடுத்ததற்கு அது பொருந்தாது.