சிறு விமானத்தின் சக்கரங்கள் இறங்காதபோது: விவரம் அறிந்தோரின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால், தாழப் பறக்கும் சிறு விமானங்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் மாணவர்கள், சக்கரம் இறங்காவிட்டால் விமானி என்ன செய்வார் என்று ஓயாமல் கேட்கிறார்கள். இவ்வளவு நல்ல கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

பைப்பர் ஆரோ போன்ற விமானங்களில் ஹைட்ராலிக் (திரவ) அழுத்தமே சக்கரங்களை மேலே தாங்கி நிற்கிறது என்பதையும், அவசர நெம்புகோலால் அந்த அழுத்தத்தை விடுவித்தால் அவை தம் எடையாலேயே கீழிறங்கும் என்பதையும், பீச்கிராஃப்ட் பொனான்சா விமானத்தில் ஒரு கைப்பிடியை ஏறத்தாழ 50 முறை சுற்றி இறக்க வேண்டும் என்பதையும் படித்து அறிந்தேன். புவியீர்ப்பு விசைக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

எனக்குத் தெளிவு வேண்டியது இதுதான்: சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டதை விமானிக்குக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் ஒன்று எரியாதபோது, பழுது பல்பிலா, சுவிட்சிலா, சக்கரப் பூட்டிலா என்பதை விமானி பறந்துகொண்டே எந்த வரிசையில் சோதிப்பார்? ஒரு சக்கரம் மட்டும் இறங்காத நிலையில், இறங்கிய மற்ற இரண்டையும் மீண்டும் உள்ளிழுத்து வயிற்றுப்பகுதியால் தரையிறங்குவதா, இரண்டு சக்கரங்களிலேயே இறங்குவதா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வார்? விமானிகளோ பராமரிப்புப் பொறியாளர்களோ இங்கு இருந்தால் அன்புகூர்ந்து விளக்குங்கள். கழித்துப்போட்ட சக்கரத் தாங்கி ஒன்றை மாணவர்களுக்குக் காட்ட வழியிருந்தால் அதையும் தெரிவியுங்கள். நாங்களே நேரில் வந்து பார்க்கிறோம்.