நிமிடத்துக்கு 180 ஸ்டெப்: இது யார் போட்ட சட்டம்?

அடையாறு ஆமை:
நம் ஓட்டக்காரர் மன்றத்தில் புதியவர்களுக்கான இழையில் கோச் கதிர் நேற்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "நிமிடத்துக்கு 180 ஸ்டெப் வராதவர்கள் ஓடவில்லை, குதிக்கிறார்கள். கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கான ஸ்டெப் எண்ணிக்கை, 180 ஆகட்டும், வேகம் தானாக வரும்." ஏகப்பட்ட கைதட்டல் வேறு. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பையன் ஒருவன் காதில் டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோம் மாட்டிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் தையல் மெஷின் மாதிரி கால் வைக்கிறான். போன மாதம்வரை கடலைப் பார்த்துக்கொண்டு ஓடியவன். இப்போது வாட்சைத் தவிர எதையும் பார்ப்பதில்லை.

சார், இந்த 180 வானத்திலிருந்து விழவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளரும் அவர் மனைவியும் உட்கார்ந்து ஓட்டக்காரர்களின் ஸ்டெப்பை எண்ணினார்கள். கிட்டத்தட்ட அத்தனை பேரும் 180-ஐத் தொட்டிருந்தார்கள் அல்லது தாண்டியிருந்தார்கள். எண்ணப்பட்டவர்கள் ஒலிம்பிக் வீரர்கள், ஓடியது போட்டி வேகத்தில். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டு, நடுவில் நாய்க்கும் வழிவிட்டு ஓடும் என்னை யாரும் எண்ணவில்லை.

கோச் கதிர்:
ஆமை அவர்களே, உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது. ஒலிம்பிக் வீரர்களைப் பார்த்துக் கற்காமல் டீக்கடையில் நிற்பவரைப் பார்த்தா கற்பது? கேடன்ஸ் குறைந்தால் கால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழும். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் நீங்களே பிரேக் போடுகிறீர்கள், முட்டி அடி வாங்குகிறது. 2011-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வும் இதைத்தான் சொன்னது. 180. அவ்வளவுதான். என் குழுவில் எல்லோரும் 180, எல்லோருக்கும் வேகம் கூடியிருக்கிறது.

அடையாறு ஆமை:
அந்த ஆய்வை நானும் படித்தேன். 180-க்கு வா என்று அதில் யாரும் யாரையும் அதட்டவில்லை. அவரவர் வழக்கமான கேடன்ஸைவிட 5, 10 சதவீதம் கூட்டி ஓடவைத்தார்கள். முட்டியிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைந்தது. அதாவது 158-ல் ஓடுபவர் 166-க்குப் போனாலே போதும். நீங்கள் அவரை ஒரே வாரத்தில் 180-க்குத் தள்ளுகிறீர்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அவர் பிசியோ வாசலில் உட்காருகிறார்.

மெக்கானிக்கல் குணா (கோவை):
கணக்கு போட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம். வேகம் என்பது ஸ்டெப் எண்ணிக்கையை ஸ்டெப் நீளத்தால் பெருக்குவது. கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் 2023-ல் சிகாகோ மாரத்தானை 2:00:35-ல் முடித்தார். நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 350 மீட்டர். 180 என்று வைத்துக்கொண்டால் அவருடைய ஒரு ஸ்டெப் 1.94 மீட்டர். ஆமை சார் நிமிடத்துக்கு 143 மீட்டர். அவரும் 180 வைத்தால் ஒரு ஸ்டெப் 79 சென்டிமீட்டர். எண்ணிக்கை ஒன்றுதான், வேகம் பாதிகூட இல்லை.

கோச் கதிர்:
கிப்டமும் 180 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

மெக்கானிக்கல் குணா (கோவை):
"வைத்துக்கொண்டால்" என்று எழுதினேன் சார்! உதாரணத்துக்கு!

லண்டன் லோகன்:
வணக்கம். எனக்கு ஒன்று விளங்கவில்லை. என் மணிக்கூடு 84 என்று காட்டுகிறது. இது ஒரு காலுக்கா, இரண்டு காலுக்கா? முதலில் அதைச் சொல்லிவிட்டுச் சண்டை பிடித்தால் நல்லது.

கோச் கதிர்:
84-ஆ? அது நடை. இங்கே ஓட்டம் பற்றிப் பேசுகிறோம்.

மூச்சுப்பயிற்சி மூர்த்தி:
எல்லோரும் தப்பாகப் பேசுகிறீர்கள். 180 என்பது ஸ்டெப்பே அல்ல. 180-ல் உங்கள் வயதைக் கழிக்க வேண்டும். அந்த இதயத்துடிப்புக்கு மேல் போகக்கூடாது. ஃபில் மாஃபெட்டோன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் சொன்ன முறை. அப்படிப் பயிற்சி செய்துதான் மார்க் ஆலன், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஹவாய் அயர்ன்மேன் போட்டியை ஆறு முறை ஜெயித்தார். எனக்கு வயது 52. என் எண் 128.

கோச் கதிர்:
128 கேடன்ஸா! கடவுளே.

அடையாறு ஆமை:
மூர்த்தி சார், அது வேறு 180. ஆனால் உங்கள் 180-க்காவது அர்த்தம் இருக்கிறது: மெதுவாக ஓடு, அடிப்படை வளரட்டும். நம் ஆட்கள் வாரம் முழுக்க அரைகுறை வேகத்தில் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை. அதனால்தான் வருடக்கணக்கில் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். நார்வேயில் வேலை செய்யும் ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர் உச்சநிலை வீரர்களின் பயிற்சியைப் பார்த்தார். பத்தில் எட்டு பங்கு, பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகும் வேகம். தசையில் நுண் ரத்தக்குழாய்கள் கூடுவது, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவது, இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளுவது எல்லாம் அங்கே மெல்ல மெல்ல நடக்கின்றன, கஷ்டமே தெரியாமல். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் 800 மீட்டர் ஓட்டக்காரர் பீட்டர் ஸ்னெல்லையே 35 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஓடவிட்டார். 1960 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம், 1964-ல் 800, 1500 இரண்டும். மெட்ரோனோம் கிடையாது.

கோச் கதிர்:
ஸ்னெல் அந்த மலையில் மெதுவாகவா ஓடினார்? அவருடைய "மெதுவை" உங்களால் 400 மீட்டர்கூடத் தாங்க முடியாது. அவர் கேடன்ஸை யாராவது எண்ணியிருந்தால் 180 வந்திருக்கும்.

அடையாறு ஆமை:
எண்ணாததற்கும் 180 என்று பதில் வைத்திருக்கிறீர்கள். அருமை. தணிக்கைத் துறையில் இருந்திருந்தால் எங்கோ போயிருப்பீர்கள்.

பெசன்ட் நகர் பானு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். வேகம் கூடவேண்டும், சந்தோஷமும் போகக்கூடாது என்பவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி: ஈஸி ரன் முடிந்ததும் 20 விநாடி ஸ்ட்ரைட்ஸ், நாலைந்து தடவை. முழு மூச்சைக் கொடுக்காமல், தோளைத் தளர்த்தி, வேகமாக, ஆனால் அலட்டாமல். நடுவில் நன்றாக நடந்துகொள்ளலாம். அடுத்த நாள் கால் கனக்காது. அப்புறம் வாரம் ஒரு நாள் ஃபார்ட்லெக். ஸ்வீடன்காரர் கோஸ்டா ஹோல்மர் 1930-களில் கொண்டுவந்தது. ஈசிஆரில் இந்த விளக்குக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம்வரை வேகம், அடுத்த இரண்டு கம்பம் ஆசுவாசம். வாட்சைப் பார்க்கவே வேண்டாம். எனக்கு 10 கிலோமீட்டர் நேரம் இதில்தான் குறைந்தது. கேடன்ஸ் எவ்வளவு என்று இன்றுவரை தெரியாது.

கோச் கதிர்:
பானு மேடம், ஸ்ட்ரைட்ஸ் போடும்போது உங்கள் கேடன்ஸ் 180-ஐத் தாண்டும். அதனால்தான் வேகம் கூடியது. தெரியாமலே என் முறையைப் பின்பற்றுகிறீர்கள்.

பெசன்ட் நகர் பானு:
உங்கள் முறையா? உங்கள் முறையைப் பார்த்துவிட்டேன் சார். லாங் ரன்னுக்குக் கூட்டிக்கொண்டு போய், திருவான்மியூர் தாண்டியதும் என்னையும் இன்னொரு அக்காவையும் விட்டுவிட்டு ஓடினீர்கள். தண்ணீர் வண்டியும் உங்களோடு போய்விட்டது. திரும்பி வந்தபோது "இன்னும் கொஞ்சம் கேடன்ஸ் கூட்டியிருக்கலாம்" என்று சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை.

கோச் கதிர்:
அன்று பேஸ் கிலோமீட்டருக்கு 6:15 என்று வாட்ஸாப்பில் இரண்டு நாள் முன்பே போட்டிருந்தேன். படிக்காதது என் தவறா?

பெசன்ட் நகர் பானு:
"எல்லோரும் வரலாம், ஜாலி ரன்" என்றும் போட்டிருந்தீர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

லண்டன் லோகன்:
இங்கே சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பார்க்ரன் ஓடுகிறோம். 5 கிலோமீட்டர், காசு இல்லை, கடைசியாக வருபவருக்கும் துணைக்கு ஆள் நடந்துவரும். 2004-ல் புஷி பார்க்கில் தொடங்கியது. 2024-ல் சாதனைப் பட்டியல்களைக்கூட இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், புதியவர்கள் பயப்படக்கூடாது என்று. அதோடு என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரு காலா, இரண்டு காலா?

கோச் கதிர்:
சாதனையையே ஒளித்துவைக்கும் ஆட்களிடம் வேகம் பற்றி என்ன கேட்பது?

லண்டன் லோகன்:
அங்கே 15 நிமிடத்தில் முடிப்பவர்களும் ஓடுகிறார்கள், அண்ணை. உங்கள் நேரம் என்ன?

மூச்சுப்பயிற்சி மூர்த்தி:
இன்று காலை ஈஸியாகத்தான் ஓடினேன், பாட்டே பாடினேன். இதயத்துடிப்பு 176 என்று காட்டுகிறது. 128-ல் நிற்கவே மாட்டேன் என்கிறது. மாஃபெட்டோன் நம்மூர்ப் புழுக்கத்தைக் கணக்கில் எடுத்தாரா?

மெக்கானிக்கல் குணா (கோவை):
பாட்டு பாடினீர்கள் என்றால் அது 176 இல்லை சார். வாட்சைத் தளர்வாகக் கட்டியிருப்பீர்கள். மணிக்கட்டில் பச்சை விளக்கு அடித்து ரத்த ஓட்டத்தைப் படிக்கும் சென்சார், கை குலுங்கும்போது சில நேரம் ஸ்டெப்பையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் படித்தது உங்கள் கேடன்ஸ்.

கோச் கதிர்:
176! மூர்த்தி சார், வாழ்த்துகள். இன்னும் நாலுதான் பாக்கி.

அடையாறு ஆமை:
பாருங்கள், துடிப்போ காலோ, எந்த எண் வந்தாலும் இவருக்கு 180-க்கு எவ்வளவு பாக்கி என்றுதான் தெரிகிறது. புழுக்கத்தைப் பற்றி மூர்த்தி சார் கேட்டதுதான் உருப்படியான கேள்வி. சென்னையில் மே மாதம் வேர்வை காயவே காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே ஓட, இதயம் கூடுதலாக அடிக்கிறது. அதே உழைப்புக்கு ஜனவரியில் 6:30 ஓடுபவர் மே மாதம் 7:00 ஓடினால் அவர் மந்தமாகிவிட்டார் என்று பொருள் இல்லை. கதிர் சார் குழுவில் வருடம் முழுக்க ஒரே பேஸ், ஒரே 180. மே மாதம் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். மீதிப் பேரை வைத்து "எல்லோருக்கும் வேகம் கூடியது" என்கிறார். விட்டுப் போனவர்களை யார் கணக்கில் எடுப்பது?

கோச் கதிர்:
விட்டுப் போனவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆமை என்ற பெயருக்குப் பின்னால் யார் என்றும் தெரியும். என் குழுவில் சேர்ந்து, வேகமாக ஓடி, கொஞ்சம் ஆசுவாசப்பட்டு, மறுபடி ஓடும் இன்டர்வெல் நாட்களில் எல்லாம் "ஆபீஸ் வேலை" என்று லீவு போட்டவர். 400 மீட்டர் ரிப்பீட் வராதவருக்கு லிடியார்ட் எதற்கு?

அடையாறு ஆமை:
இன்டர்வெல்லுக்கு நான் எதிரி இல்லை. வாரம் ஒன்று நல்லது. வாரம் நான்கு வைத்தீர்களே, அதற்குத்தான் லீவு போட்டேன். கட்டிய மூன்று மாதப் பணத்தில் மீதியை இன்னும் தரவில்லை என்பதையும் சபையில் சொல்லிவைக்கிறேன்.

கோச் கதிர்:
டி-ஷர்ட் வாங்கிக்கொண்டீர்கள் அல்லவா?

அடையாறு ஆமை:
முதுகில் "180" அச்சடித்த டி-ஷர்ட். அதைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போவது?

பெசன்ட் நகர் பானு:
எனக்கு அந்த டி-ஷர்ட்கூட வரவில்லை.

கோச் கதிர்:
பேசியது போதும். ஞாயிறு காலை மெரினா. உழைப்பாளர் சிலையில் ஆரம்பித்து 5 கிலோமீட்டர். 180 வைத்து நான் ஓடுகிறேன், கடலைப் பார்த்துக்கொண்டு நீங்கள் ஓடுங்கள்.

அடையாறு ஆமை:
வருகிறேன். ஆனால் நீங்கள் ஜெயித்தால் என்ன நிரூபணமாகும்? உங்களுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. போன வருட உங்களோடு இந்த வருட நீங்கள் ஓடினால்தான் கணக்கு. அந்த நேரத்தைப் போடுங்கள் என்று லோகன் கேட்டார், நானும் கேட்கிறேன்.

மெக்கானிக்கல் குணா (கோவை):
அடியில் கார்பன் தகடு வைத்து வேகத்துக்கு உதவும் கார்பன் பிளேட் ஷூ உண்டா இல்லையா? அதையும் பேசிவிடுங்கள்.

கோச் கதிர்:
என் ஷூ என் உரிமை.

அடையாறு ஆமை:
அந்த ஷூ நான்கு சதவீதம் மிச்சம் பிடிக்கும் என்கிறார்கள். அப்படியானால் உங்கள் நேரத்தில் நான்கு சதவீதம் கூட்டித்தான் எழுதுவேன்.

மெக்கானிக்கல் குணா (கோவை):
அந்த நான்கு சதவீதம் ஆக்சிஜன் செலவில் மிச்சமாவது சார், நேரத்தில் அல்ல. நேரத்தில் அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

கோச் கதிர்:
அதுவும் 180 ஸ்டெப் வைத்தால்தான் வரும்.