மெல்போர்ன் ஹோட்டல் தனிமைப்படுத்தல்: முடிவெடுத்தவர் யாரும் இல்லை என்றால் பொறுப்பு யாருடையது?

மெல்போர்ன்வாசி கேட்டது:

2020இல் இந்நகரை 112 நாள் வீட்டுக்குள் அடைத்துப்போட்ட கொரோனா இரண்டாம் அலையைப் பற்றி ஒரு கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் 14 நாள் ஹோட்டலில் கட்டாயத் தனிமையில் இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியப் பிரதமரும் மாநில முதல்வர்களும் மார்ச் 27 அன்று முடிவு செய்தார்கள். மறுநாள் நள்ளிரவே அது நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 36 மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாக வேண்டிய அந்த அவசரத்தில், எங்கள் மாநிலமான விக்டோரியாவின் ஹோட்டல்களைக் காக்கும் வேலை தனியார் செக்யூரிட்டி நிறுவனங்களிடம் போனது. மே இறுதியில் கார்ல்டனில் உள்ள ரிட்ஜஸ் ஹோட்டலிலிருந்தும், ஜூனில் ஸ்டாம்ஃபோர்ட் பிளாசா ஹோட்டலிலிருந்தும் தொற்று ஊருக்குள் வந்தது. முன்னாள் நீதிபதி ஜெனிஃபர் கோட் நடத்திய விசாரணையின் இறுதி அறிக்கை டிசம்பர் 21 அன்று வெளிவந்தபோது, அந்த அலையில் இறந்தவர்கள் 768 பேர், தொற்றுக்கு ஆளானவர்கள் 18,000க்கும் மேல்.

தனியாரை அமர்த்தலாம் என்று முடிவெடுத்தது யார் என்று முதல்வரையும் அமைச்சர்களையும் துறைச் செயலர்களையும் காவல்துறைத் தலைவரையும் விசாரணையில் கேட்டார்கள். “நான்தான்” என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதனால் அதற்கு “அநாதை முடிவு” என்றே பெயர் விழுந்தது. முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் சாட்சியம் அளித்த மறுநாள், செப்டம்பர் 26 அன்று, சுகாதார அமைச்சர் ஜென்னி மிகாகோஸ் பதவி விலகினார். அக்டோபரில் முதல்வர் துறையின் செயலர் கிறிஸ் எக்கிள்ஸ் விலகினார். பொறுப்பேற்பது என்பது இவ்வளவுதானா? எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அந்த ஆகஸ்டில் இறந்தார். இறுதிச் சடங்கில் பத்துப் பேருக்கு மேல் நிற்க அனுமதி இல்லாததால், அவருடைய பேரப்பிள்ளைகளில் பாதிப் பேர் காரிலேயே இருந்து அழுதார்கள். அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை யார் பதில் சொல்லியிருக்கிறார்கள்?

இரவுப்பணி எழுதிய பதில்:

நான் அப்போது முதுகலை மாணவன். தொற்று பரவிய அந்த இரண்டும் அல்லாத வேறொரு ஹோட்டலில் வாரத்துக்கு மூன்று இரவு காவல் வேலை பார்த்தேன். உணவகங்கள் மூடியதால் எங்களில் பலருக்கு இருந்த பகுதிநேர வேலை போய்விட்டது, கூட்டரசின் ஊதிய உதவித் திட்டமும் எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. ஆகவே வாட்ஸ்அப்பில் ஆள் தேவை என்று செய்தி வந்தவுடன் போனோம். எங்களை அழைத்தது ஒரு துணை ஒப்பந்ததாரர், அவருக்கு மேலே இன்னொருவர், அதற்கும் மேலே யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. பயிற்சி என்பது கணினியில் பார்த்து முடிக்க வேண்டிய ஒரு பொதுவான பாடம். கையுறையை எப்போது கழற்ற வேண்டும் என்பதை எனக்குச் சரியாகச் சொல்லித் தந்தது ஹோட்டலுக்கு வந்த ஒரு நர்ஸ், அதுவும் இரண்டாவது வாரத்தில்.

ஜூலையில் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் எங்களைப் பற்றிப் பேசிய விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. காவலர்கள் தங்கியிருந்தவர்களோடு தகாத உறவு வைத்ததால்தான் தொற்று பரவியது என்று பரப்பினார்கள். நம் சங்கத்திலேயே சிலர் அதை என்னிடம் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். ஆனால் விசாரணையில் வெளிப்பட்டது வேறு. ரிட்ஜஸில் முதலில் நோய்க்குறி தெரிந்த ஊழியர் செக்யூரிட்டி காவலரே அல்ல, ஹோட்டலின் இரவு மேலாளர். அந்த ஹோட்டலில் தொற்று உறுதியானவர்களையே கொண்டுவந்து தங்கவைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தொற்றுக் கட்டுப்பாடு தெரிந்த நிபுணர்கள் நிரந்தரமாக நிற்காததுதான் குறை என்று விசாரணை சொன்னது.

நான் எல்லாக் காவலர்களும் ஒழுங்காக நடந்தார்கள் என்று சொல்லவில்லை. காய்ச்சலோடு வேலைக்கு வந்தவர்களும் உண்டு. விடுப்பெடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவனை எதற்காகக் குறை சொல்வது? தொற்று கண்டவர்களுக்கு 1,500 டாலர் தரும் திட்டத்தை மாநில அரசு அறிவித்ததே ஜூனில்தான்.

சட்டக்குறிப்பு எழுதிய பதில்:

கேட்டவர் இரண்டு வேறு பொருள்களை ஒரே சொல்லால் குறிக்கிறார் என்று நினைக்கிறேன். நடந்ததை மக்கள் முன் விளக்குவது ஒன்று, அதற்காகச் சட்டப்படி தண்டனை பெறுவது மற்றொன்று. இந்த வழக்கில் முதலாவது ஓரளவு நடந்தது, இரண்டாவது நடக்கவே இல்லை. முதலாவதை நடத்திய முறையே இரண்டாவதற்குத் தடையாக வந்து நின்றதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.

பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் வொர்க்சேஃப் அமைப்பு, ஊழியர்களையும் மற்றவர்களையும் ஆபத்துக்கு உள்ளாக்கியதாக 2021 செப்டம்பரில் சுகாதாரத் துறை மீது 58 குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. கோட் விசாரணைக்காகத் தயாரித்துக் கொடுத்த ஆவணங்களைக் குற்ற வழக்கில் சான்றாகக் கொள்ள முடியாது என்ற தீர்ப்புக்குப் பின், 2024இல் அந்த வழக்கு முழுவதும் கைவிடப்பட்டது. விசாரணைக்கு முன் மனம் திறந்து பேசுகிறவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயமான கொள்கைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சான்றுகளால் உண்மை வெளிவந்ததோ அதே சான்றுகள் நீதிமன்ற வாசலில் செல்லாமல் போவதை இறந்தவர்களின் குடும்பத்தார் எப்படி ஏற்பார்கள்? பணியிடத்தில் அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டமும் 2020 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ரிட்ஜஸில் தொற்று கசிந்தது அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு.

எக்கிள்ஸ் விவகாரத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். மார்ச் 27 பிற்பகல் 1.17 மணிக்கு அவர் காவல்துறைத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தது பதிவேடுகளில் தெரிந்தபின் விலகினார். ஆனால் தனியாரைப் பற்றிய முடிவு எதையும் தாம் தெரிவிக்கவில்லை என்றார். அந்தப் பிற்பகலில் எவரும் “இதை நான் முடிவு செய்கிறேன்” என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை என்பதுதான் உண்மையான குற்றம் என்பது என் கருத்து. இதன் நீட்சியைப் பின்னர் ஒப்பந்தங்களிலும் காணலாம்: முகக்கவசம், பயிற்சி, தொற்றுத் தடுப்பு ஆகியவற்றின் பொறுப்பைப் பெருமளவு செக்யூரிட்டி நிறுவனங்களின் தலையிலேயே கட்டியிருந்தார்கள். அது முறையல்ல என்று விசாரணையே கண்டறிந்தது. நோய்ப்பரவலில் அவசரநிலையை வழிநடத்தும் துறை எது என்று திட்டத்தில் எழுதியிருந்தும், சுகாதாரத் துறையும் வேலைவாய்ப்புத் துறையும் கடைசிவரை ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருந்தன.

வடபுறத்தான் எழுதிய பதில்:

மேலே சொன்னவை சரியே. ஆயினும் எல்லாப் பழியையும் இரண்டு ஹோட்டல்களோடு முடித்துவிட எனக்கு மனமில்லை. இரண்டாம் அலைத் தொற்றுகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு அந்த ஹோட்டல்களிலிருந்து கிளைத்தவை என்று மரபணு ஆய்வு காட்டியது. தீ எங்கே பிடித்தது என்பதற்கு அது விடை. அந்தத் தீ இத்தனை வீடுகளை ஏன் எரித்தது என்பதற்கு அது விடையாகாது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். ஃபாக்னரில் உள்ள புனித பாசில் இல்லத்தில் மட்டும் 45 பேர் கொரோனாவால் இறந்தார்கள். அத்தகைய இல்லங்களுக்கு நிதி அளிப்பதும் கண்காணிப்பதும் கான்பெர்ராவில் உள்ள கூட்டரசு. தனிமைப்படுத்தல் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பே கூட்டரசுக்குத் தருகிறது. இருந்தும் அந்தச் சுமையை மாநிலங்கள் சுமந்தன, கோட் விசாரணையின் வரம்பும் மாநிலத்தோடு நின்றது.

ஜூலை 4 அன்று ஃப்ளெமிங்டனிலும் வடக்கு மெல்போர்னிலும் ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்களை முன்னறிவிப்பின்றிப் பூட்டினார்கள். ஏறத்தாழ 3,000 பேர் உள்ளே இருந்தார்கள், வாசலில் போலீஸ் நின்றது. அப்படி உடனடியாகப் பூட்டியது மனித உரிமைச் சட்டத்துக்கு மாறானது என்று மாநிலக் குறைதீர் ஆணையர் டெபோரா கிளாஸ் டிசம்பரில் அறிக்கை தந்தார். என் நண்பரின் தாயார் அங்கே ஒரு கோபுரத்தில்தான் இருந்தார், அவருடைய நீரிழிவு மாத்திரை மறுநாள் மாலைதான் கையில் கிடைத்தது. ஹோட்டலில் நேர்ந்த தவறுக்கு முதலில் விலை கொடுத்தவர்கள் இவர்கள். பொறுப்பு பற்றிய பேச்சில் இவர்கள் பெயர் வருவதே அபூர்வம்.

மெல்போர்ன்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சட்டக்குறிப்பு அவர்களே, ஆவணங்கள் செல்லாது என்ற செய்தியை நான் கவனிக்காமல் இருந்துவிட்டேன், இப்போது படித்தபோது கோபம் வந்தது. இரவுப்பணி தம்பி, உன்னைப் போன்றவர்களைப் பற்றி அன்று பரவிய பேச்சை நானும் நம்பினேன், நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தெருவில் அந்தப் பெரியவரின் மகளை வரும் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பேன். அவருக்கு ஆங்கிலம் வாசிப்பது கடினம் என்பதால், அறிக்கையில் ரிட்ஜஸைப் பற்றிய பகுதியை நானே தமிழில் சொல்லப்போகிறேன்.