குழு: நம்ம வீடு — அம்மாவுக்கு ரெண்டு யூனிட் ரத்தம்

செந்தில் (காலை 7:08): அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நாளன்னைக்குக் காலைலன்னு முடிவாயிடுச்சு. ஹீமோகுளோபின் 9.2. ரெண்டு யூனிட் ரெடியா வைக்கணுமாம். பி பாசிட்டிவ்.

குமார்: பி-யா? அம்மா ஓ பாசிட்டிவ்டா. பழைய டிஸ்சார்ஜ் சீட்டுல ஓ-ன்னுதான் இருக்கு. யாராவது ஒழுங்கா பார்த்தீங்களா?

செந்தில்: இங்க பி-ன்னு சொல்றாங்க. கூட இருந்து பாக்கிறது நான்தான்.

மூர்த்தி மாமா: வெளியாள் ரத்தமே வேண்டாம். என்னென்ன நோயோ. பெத்த பிள்ளைங்க இருக்கீங்கல்ல, அக்காவுக்கு நீங்களே கொடுங்க.

விஜி: லதா அத்தை, கொஞ்சம் வாங்க 🙏

அருண்: நான் ரெடி. பாட்டிக்கு நான் தரேன்.

லதா அத்தை (7:31): ஒவ்வொண்ணா சொல்றேன். முதல்ல அந்தச் சீட்டு. பழைய சீட்டையோ டிரைவிங் லைசென்ஸ் மாதிரி எதுலயாவது எழுதி வச்சதையோ நம்பி எந்த ரத்த வங்கியும் பை தராது, தரவும் கூடாது. அண்ணிகிட்ட புதுசா ரத்தம் எடுத்து ரெண்டு பக்கமும் பார்ப்பாங்க. அவங்க சிவப்பணுவோட ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி மருந்து கலந்து எதுல திரிஞ்சு கட்டியாகுதுன்னு பாக்கிறது ஒண்ணு. அவங்க பிளாஸ்மாவோட, தெரிஞ்ச ஏ அணு, பி அணு கலந்து பாக்கிறது இன்னொண்ணு. பி குரூப்னா ஆன்டி-பி-ல திரியணும், ஏ அணுவோட திரியணும். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் குரூப்னு எழுதுவாங்க. ஸ்லைடுல ஒரு சொட்டு வச்சு அவசரமா பார்த்தா தப்பு வரும். அதைவிட அதிகமா, யாரோ ட்யூப் மாத்தி எழுதினதாலதான் வரும். அதனால குமாரு, "ஓ"வா "பி"யான்னு நாம இங்க சண்டை போட வேண்டாம். ரெண்டு சீட்டும் வேற வேற சொல்லுதுன்னு செந்தில் அங்க வாயால சொல்லணும். தனித்தனியா ரெண்டு தடவை சாம்பிள் எடுத்துச் சரிபார்க்கச் சொல்லணும்.

செந்தில்: சொல்றேன் அத்தை.

லதா அத்தை: அண்ணிக்கு மூணு பிரசவம் ஆயிருக்கு. பிரியா பிறந்தப்ப ரத்தமும் ஏத்தினாங்க. அதையும் சொல்லு. கர்ப்பத்துலயும் ஏத்தின ரத்தத்துலயும் வேற அணுக்கள் உள்ள போய், அதுக்கு எதிரா எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாகியிருக்கலாம். அது இருக்கான்னு ஸ்கிரீனிங் பண்ணினா, பொருத்தமான பை தேட நேரம் கிடைக்கும். ஆபரேஷன் மேஜைல வச்சுத் தெரிஞ்சா நேரம் இருக்காது.

மூர்த்தி மாமா: அப்போ குமார் தன்னோட குரூப் ஓ-ன்னு சொல்றானே. அப்பா ஏ, அம்மா பி, பையன் ஓ. நான் அப்பவே சொன்னேன், இவன் ஆஸ்பத்திரியில மாறி வந்தவன்னு 😂

குமார்: மாமா, அதை இன்னும் எத்தனை வருஷம் சொல்வீங்க?

லதா அத்தை: மூர்த்தி அண்ணா, அந்தப் பேச்சு இன்னையோட போகட்டும். அவனுக்குச் சின்ன வயசுலயே அது வலிச்சிருக்கு. ஏ குரூப்ல இருக்கிற அண்ணன்கிட்ட ஏ மரபணு ஒண்ணு, ஓ மரபணு ஒண்ணு இருக்கலாம். அண்ணிகிட்ட பி ஒண்ணு, ஓ ஒண்ணு. ரெண்டு பேர்கிட்டயிருந்தும் ஓ வந்தா பிள்ளை ஓ. நாலுக்கு ஒண்ணு அப்படி வர வாய்ப்பு உண்டு. ஏ, பி, ஏபி, ஓ நாலுமே அந்த வீட்டுல பிறக்கலாம்.

குமார்: நன்றி அத்தை.

பிரியா: நான் பி நெகட்டிவ். அம்மாவுக்கு நான் கொடுக்கலாமா?

லதா அத்தை: நெகட்டிவ் சிவப்பணு பாசிட்டிவ் ஆளுக்குச் சேரும். ஆனா நீ பாலூட்டுற, இப்ப கொடுக்கக் கூடாது. உனக்குப் பிரசவம் ஆகி 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி, அதான் பாசிட்டிவ் குழந்தையோட ரத்தத்துக்கு எதிரா உன் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்காம தடுக்கிற ஊசி, போட்டாங்களா? குழந்தை பாசிட்டிவ்தானே?

பிரியா: போட்டாங்க அத்தை.

லதா அத்தை: நல்லது. அடுத்த கர்ப்பத்துல 28-வது வாரத்துலயும் கேட்டு வாங்கிக்கோ.

மூர்த்தி மாமா: அடுத்ததா? எப்போ 😀

பிரியா: மாமா!!

விஜி: வாக்கர் யார்கிட்ட இருக்கு? பெரியப்பாவுக்கு வாங்கினது.

குமார்: செந்தில் வீட்டு மாடில.

செந்தில்: என் வீட்டுல இல்ல.

லதா அத்தை (8:02): சொந்தக்காரங்க ரத்தம்தான் பாதுகாப்புங்கிற நம்பிக்கையைப் பத்திச் சொல்லணும். அது தலைகீழ். நெருங்கின ரத்த உறவுன்னா கொடுக்கிறவங்களோட வெள்ளை அணு, வாங்குற உடம்புக்கு அந்நியமாவே தெரியாது. உடம்பு அதை விரட்டாது. ஆனா அந்த அணு உள்ள இருந்துகிட்டுத் தோல், குடல், ஈரல், எலும்பு மஜ்ஜைன்னு தாக்க ஆரம்பிக்கும். ரொம்ப அபூர்வம். வந்துட்டா பிழைக்கிறது கஷ்டம். பிள்ளை, கூடப்பிறந்தவங்க ரத்தம் ஏத்தியே ஆகணும்னா 25 கிரே கதிர்வீச்சு கொடுத்த பிறகுதான். இன்னொண்ணு, வீட்டுல கேட்டா மறுக்க முடியாது. சொல்ல வேண்டிய விஷயத்தை மறைச்சுட்டுக் கொடுத்துடுவாங்க. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் சோதிப்பாங்கதான். ஆனா தொற்று வந்த முதல் நாட்கள்ல சோதனைல தெரியாது. தானா விரும்பி, திரும்பத் திரும்ப வந்து கொடுக்கிறவங்க ரத்தம்தான் நம்பகம். நம்ம வீட்டுப் பசங்க போய்க் கொடுக்கட்டும். அந்தப் பை வேற யாருக்காவது போகும், அண்ணிக்கு வேற யாரோடதோ வரும். கொடுக்கிற பசங்க குரூப் எதுவா இருந்தாலும் சரி.

அருண்: அப்போ நான் போறேன்.

விஜி: கைல பச்சை குத்தினது எப்போ?

அருண்: 😬 நாலு மாசம்.

குமார்: பச்சையா? எனக்குத் தெரியாதே.

அருண்: அப்பா, அப்புறம் பேசலாம்.

லதா அத்தை: ஒரு வருஷம் ஆகட்டும் கண்ணா, அப்புறம் கூட்டிட்டுப் போறேன். செந்தில், நீ கடைசியா எப்போ கொடுத்த?

செந்தில்: அஞ்சு மாசம் இருக்கும்.

லதா அத்தை: நீ போகலாம். சாப்பிட்டுட்டு, நிறைய தண்ணி குடிச்சுட்டுப் போ. ஹீமோகுளோபின் 12.5 இருந்தாத்தான் எடுப்பாங்க.

மூர்த்தி மாமா: பை ஃபிரிட்ஜ்ல இருந்து சில்லுன்னு வருமே. அக்காவுக்குக் குளிரும். வெந்நீர்ல வச்சுக் கொடுக்கச் சொல்லுங்க.

லதா அத்தை: வேண்டவே வேண்டாம் அண்ணா. சூடுல சிவப்பணு உடைஞ்சு போகும். வேகமா நிறைய ஏத்தும்போது மட்டும் அதுக்குன்னு ஒரு கருவி இருக்கு, அதைவிட்டா எதுலயும் சூடாக்கக் கூடாது. போர்வை போர்த்தினாப் போதும்.

குமார்: ரெண்டு பையையும் காலைலயே வாங்கி வார்டுல வச்சுடு செந்தில். கடைசி நேரம் ஓட வேண்டாம்.

லதா அத்தை: அதுவும் கூடாது. ரத்த வங்கில 2 முதல் 6 டிகிரிக்குள்ள இருக்கிற பை அது. வார்டு ஃபிரிட்ஜ்ல கதவு திறந்து மூட வெப்பம் ஏறி இறங்கும், கிருமி இருந்தா வளரும். வெளிய எடுத்து 30 நிமிஷத்துக்குள்ள ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சா 4 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். ஒரு பை போட்டா ஹீமோகுளோபின் சுமாரா 1 கிராம் ஏறும். அண்ணிக்கு 72 வயசு. ரெண்டையும் அடுத்தடுத்து வேகமா ஏத்தினா நெஞ்சுல நீர் தேங்கி மூச்சு வாங்கும். ஒண்ணு முடிஞ்சதும் பார்த்துட்டு அடுத்ததைப் பத்தி டாக்டர் முடிவு பண்ணட்டும்.

செந்தில்: ஏத்தும்போது நான் என்ன பாக்கணும்?

லதா அத்தை: பை தொங்கவிடுற முன்னாடி கட்டில் பக்கத்துல ரெண்டு நர்ஸ் நின்னு, அண்ணி கைப்பட்டை, சீட்டு, பை மூணுலயும் பேர், நம்பர், குரூப், காலாவதித் தேதி ஒத்துப்போகுதான்னு வாசிக்கணும். அண்ணியை "உங்க பேர் என்ன"ன்னு கேட்கணும். "நீங்க இன்னாரா"ன்னு கேட்டா யாரும் தலையாட்டிடுவாங்க. அதே ஊசிவழில ரத்தத்தோட சலைன் மட்டும்தான் போகலாம். குளுக்கோஸ் போனா அணு உடையும், ரிங்கர் லாக்டேட்ங்கிற டிரிப்ல கால்சியம் இருக்கு, ரத்தம் கட்டிக்கும்.

லதா அத்தை: முதல் 15 நிமிஷம் நகராத. மெதுவாத்தான் விடுவாங்க. நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, மூச்சுத்திணறல், ஊசி போட்ட இடத்துல எரிச்சல், சிவப்பா சிறுநீர், எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடு. நிறுத்தணும், குழாயை மாத்திட்டு சலைன் விடணும், அந்தப் பையைத் தூக்கி எறியாம ரத்த வங்கிக்கே அனுப்பணும்.

குமார்: நான் நாளைக்கு ராத்திரி கிளம்பி வரேன். கையெழுத்து நான் போடுறேன்.

செந்தில்: போன தடவையும் இப்படித்தான் சொன்ன.

பிரியா: அண்ணா ரெண்டு பேரும் ப்ளீஸ்.

விஜி: ராத்திரி அம்மாகூட யார் படுக்கிறது? நானா, பிரியாவா?

செந்தில் (9:14): சாம்பிள் எடுக்க வந்துட்டாங்க.

லதா அத்தை: எடுத்த பிறகு, அங்கேயே, அண்ணிகிட்ட பேர் கேட்டு ட்யூப்ல எழுதணும். ஏற்கெனவே பேர் எழுதின ட்யூப்னா வேண்டாம்னு சொல்லு.

செந்தில்: ஏற்கெனவே எழுதியிருந்துச்சு. பக்கத்துக் கட்டில் பேர். வேற ட்யூப் எடுத்துட்டு வரப் போயிருக்காங்க.

குமார்: நல்லவேளை.

மூர்த்தி மாமா: வாக்கர் என்கிட்டதான் இருக்கு போல. பார்த்துட்டுச் சொல்றேன்.