ரிப்போர்ட் கார்டில் ‘ஃபேர்’ என்று போட்டிருக்கிறார்கள், நல்லதா சுமாரா?

கரூர்க்காரி (கேள்வி):
பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். இந்தத் தடவை ரிப்போர்ட் கார்டில் ஹேண்ட்ரைட்டிங் என்ற இடத்துக்கு நேராக ‘ஃபேர்’ என்று எழுதியிருக்கிறார்கள். மாமனார் பார்த்துவிட்டு, “ஃபேர் நோட்டு மாதிரி சுத்தமா எழுதுறான்னு டீச்சர் பாராட்டியிருக்காங்க” என்கிறார். வீட்டுக்காரர், “இல்லப்பா, சுமார்னுதான் அர்த்தம்” என்கிறார். அகராதியைத் திறந்தால் நியாயமான, அழகான, வெளுத்த நிறமுள்ள, ஓரளவான, மழையில்லாத வானிலை என்று வரிசையாகப் போகிறது. ரேஷன் கடையை ஃபேர் பிரைஸ் ஷாப் என்கிறார்களே, அதிலும் இதே சொல்தானே? எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? தெரிந்தவர்கள் சொன்னால் பையனிடமும் சரியாகச் சொல்லிவிடுவேன்.

சாக்பீஸ்:
மேடம், நான் ஆங்கில ஆசிரியர். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி, ஆனால் மாமனார் சொல்வதும் ஆதாரமில்லாத பேச்சு இல்லை. இந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் அழகான என்றுதான் அர்த்தம். அதிலிருந்து களங்கமில்லாத, சுத்தமான என்று விரிந்தது, அப்படித்தான் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது ஃபேர் காப்பி ஆயிற்று, நம் ஊரில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று நிலைத்துவிட்டது. பாரபட்சம் என்ற கறை இல்லாதது என்ற வழியில் நியாயமான என்ற அர்த்தமும் வந்தது, ரேஷன் கடையில் இருப்பது அதுதான். ஆனால் மதிப்பீட்டில் வரும்போது இது எதுவும் செல்லாது. கார்டின் அடியில் பாருங்கள், எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று ஏதாவது வரிசை அச்சடித்திருப்பார்கள். அதில் குட்டுக்குக் கீழே, புவருக்கு மேலே நிற்கிறது ஃபேர். வரிசையில் வந்தால் அக்கம்பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்துத்தான் அர்த்தம் எடுக்க வேண்டும், அகராதியில் முதலில் இருப்பதை எடுக்கக் கூடாது. பையனிடம், ‘படிக்க முடியுது, இன்னும் கொஞ்சம் நல்லா எழுதலாம்’ என்று சொல்லுங்கள், டீச்சர் சொல்ல வந்தது அவ்வளவுதான். எழுத்து கோட்டைவிட்டு ஏறி இறங்குகிறதா, வார்த்தைகளுக்கு நடுவே இடம் விடுகிறானா என்று டீச்சரிடமே கேட்டுவிடுவது நல்லது.

பழைய புத்தகக்காரன்:
சாக்பீஸ் சார் சொன்ன அக்கம்பக்கம் விஷயம் எங்கள் தொழிலில் இன்னும் கறார். வெளிநாட்டுப் பழைய புத்தக வியாபாரத்தில் ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று தரம் பிரிப்பார்கள். ஃபேர் என்றால் புத்தகத்தின் விஷயம் அச்சான பக்கம் எல்லாம் இருக்கும், ஆனால் முன்னும் பின்னும் உள்ள வெற்றுத்தாள் கிழிந்து போயிருக்கலாம், பைண்டிங் தளர்ந்திருக்கலாம், அட்டை நைந்திருக்கலாம். படிக்க வாங்குபவருக்கு அது போதும், சேகரிக்க வாங்குபவர் தொடவே மாட்டார். குட் என்பதே அங்கே சாதாரண தேய்மானம் உள்ள புத்தகம்தான். அதனால் இணையத்தில் வாங்குகிறவர்கள் அந்த ஒற்றைச் சொல்லை நம்பாமல், கீழே குறைகளை எழுதியிருப்பார்களே, அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கரும்புக்காடு:
நியாயமான என்ற அர்த்தத்தில் வரும்போது அந்தச் சொல்லுக்குள் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். கரும்புக்கு முன்பு சட்டப்படி குறைந்தபட்ச விலை என்று ஒன்று இருந்தது, 2009-இல் மத்திய அரசின் கரும்பு ஆணையைத் திருத்தி அதை ஃபேர் அண்ட் ரெமுனரேட்டிவ் பிரைஸ் (நியாயமான, ஆதாயமான விலை), அதாவது எங்கள் பேச்சில் எஃப்.ஆர்.பி. ஆக்கினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை, விவசாயி ஏற்கிற ஆபத்துக்கும் லாபத்துக்கும் நியாயமான பங்கு சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 2025-26 சீசனுக்கு 10.25 சதவீத ரெக்கவரிக்கு (கரும்பு எடையில் எத்தனை சதவீதம் சர்க்கரையாகக் கிடைக்கிறது என்பதுதான் ரெக்கவரி) குவிண்டாலுக்கு 355 ரூபாய், ரெக்கவரி 9.5-க்குக் கீழே போனால் 329 ரூபாய் 5 காசு. உரம், வெட்டுக்கூலி எல்லாம் போட்டுப் பார்த்தால் இது ஃபேர்தானா என்று எங்கள் சங்கங்கள் கேட்கின்றன, கேட்கத்தான் வேண்டும். நியாயம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்ட பிறகு ‘ஏதோ கொடுக்கிறோம்’ என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது, அந்தச் சொல் எங்களுக்கு ஒரு பிடி.

மாநிறம்:
நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதையும் சொல்லிவிடுகிறேன். அழகுக்கான சொல்லே வெளுப்புக்கும் ஆனதுதான் இந்தச் சொல்லின் மோசமான பக்கம். வரன் விளம்பரத்தில் ஃபேர் என்று போடும்போது நிறத்தை மட்டும் சொல்வதாக நினைக்கிறார்கள், பெண்ணுக்கு மார்க் போடுவதாகத்தான் அது வந்து விழுகிறது. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது, அதற்கு முன்னாலேயே 2009-இல் சென்னையிலிருந்து ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற பிரசாரம் கிளம்பியது. கரூர்க்காரி அக்கா, பையனுக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது நிறத்துக்கு ‘லைட் ஸ்கின்’ என்ற சொல் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ஃபேர் என்பதை நியாயத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

கரூர்க்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சார் சொன்ன மாதிரி கார்டின் அடியில் அதே வரிசை இருக்கிறது, மாமனாரிடமும் காட்டிவிட்டேன். இன்னொன்று, ‘ஃபேர்லி’ என்று வந்தால்? அதுவும் சில இடத்தில் நியாயமாக, சில இடத்தில் ஓரளவு என்று வருகிறதே.

சாக்பீஸ்:
அடுத்து வருவது என்ன என்று பாருங்கள் மேடம். ‘ஃபேர்லி குட்’, ‘ஃபேர்லி ஈஸி’ என்று பண்பைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் ஓரளவு. ‘ஷீ ட்ரீட்டட் அஸ் ஃபேர்லி’ என்று ஒரு செயலோடு வந்தால் நியாயமாக. ‘எ ஃபேர் அமவுன்ட்’ என்றால் நியாயமான தொகை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அது கணிசமான அளவு. அப்புறம் பேச்சில் ‘ஃபேர் எனஃப்’ என்பார்கள், ‘சரி, நீங்க சொல்றதும் சரிதான்’ என்று ஒத்துக்கொள்வது.

ஸ்லிப் ஃபீல்டர்:
கிரிக்கெட்டையும் போட்டுவிடுகிறேன். பந்து போடும் முன் கிரீஸைவிட்டு வெளியே போகும் நான் ஸ்ட்ரைக்கரை பௌலர் ரன் அவுட் ஆக்குவது கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கிளப்பின் விதிகளில் ‘அன்ஃபேர் பிளே’ என்ற 41-ஆம் விதிக்குள் இருந்தது. 2019 ஐ.பி.எல்.லில் அஸ்வின் பட்லரை அப்படி அவுட் ஆக்கியபோது விதிப்படி அவுட்தான், ஆனாலும் எத்தனை பேர் திட்டினார்கள் என்று ஞாபகம் இருக்கும். 2022 அக்டோபரில் அதை எடுத்து ரன் அவுட்டுக்கான 38-ஆம் விதியில் வைத்துவிட்டார்கள். அவுட் அதே அவுட்தான், தலைப்பிலிருந்து ‘அன்ஃபேர்’ மட்டும் போயிற்று. என்னைக் கேட்டால் அஸ்வினுக்கு அது முன்பே கிடைத்திருக்க வேண்டிய நியாயம்.