கெஹிண்டே வைலியின் ‘யூதித்து’: நேரில் பார்த்தவர்கள் உதவ முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். பழைய சமய ஓவியங்களை இன்றைய ஓவியர்கள் மறுபடி வரைவது பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி 2012இல் வரைந்த ‘யூதித்தும் ஒலோபெரினும்’ படத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். (விவிலியக் கதையில், தன் ஊரை முற்றுகையிட்ட படைத்தலைவன் ஒலோபெரினின் தலையை அவன் கூடாரத்திலேயே வெட்டியவள் யூதித்து.)

இத்தாலிய ஓவியர் ஜோவன்னி பலியோனேயின் 1608ஆம் ஆண்டு ஓவியமே இதற்கு மூலம். (1603இல் சக ஓவியர் கரவாஜ்ஜோ மீது அவதூறு வழக்குப் போட்டாரே, அதே பலியோனேதான்.) வைலியின் யூதித்து நீல நிற நீள்கவுன் அணிந்த கறுப்பினப் பெண், கையில் தொங்குவதோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தலை. கூடாரமும் இல்லை, இருட்டும் இல்லை. பின்னணி முழுக்கப் பூக்கள். படைத்தலைவனின் தலையைப் பெண்ணின் தலையாக மாற்றியதுதான் படத்தின் உண்மையான துணிச்சல் என்பது என் கருத்து. விமர்சகர்கள் பூக்களையே பாடிக்கொண்டிருக்கிறார்கள்!

அமெரிக்காவின் ராலே நகரில், வட கரோலினா கலை அருங்காட்சியகத்தில் இதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பூக்கொடிகள் அவள் உடைக்கு முன்னால் எவ்வளவு தூரம் படர்கின்றன, தோலின் மெருகில் தூரிகைத் தடம் தெரிகிறதா என்று சொல்லுங்கள். கிட்டத்தில் எடுத்த படங்கள் இருந்தால் பகிருங்கள். ரோமின் போர்கேஸே காட்சிக்கூடத்தில் பலியோனேயின் மூல ஓவியத்தைப் பார்த்தவர்களும் எழுதலாம்.